மேல் குட்டையில் இருப்பது கீழ்க் குட்டையில் ஏன் இல்லை?

கலிபோர்னியாவின் பாறைக் கரையில், அலைத்துளி தெறித்து நிரம்பும் மேல் குட்டைகளில் ஆரஞ்சுச் சிவப்புப் புள்ளிகளாகத் துள்ளுவது டிக்ரியோபஸ் கலிபோர்னிகஸ். ஒரு மில்லிமீட்டர் சொச்சம் நீளமுள்ள கோப்பிபாட், அதாவது இறால், நண்டு வகையறாவைச் சேர்ந்த மிகச் சிறிய நீருயிரி. ஆண் தன் உணர்கொம்பால் பெண்ணைப் பிடித்தபடியே நீந்துவதால் பல சமயம் இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

வெயிலில் உப்பு ஏறினாலும் மழையில் இறங்கினாலும் இது தாங்கும். அப்படியானால் கடலுக்கு அருகிலுள்ள கீழ்க் குட்டை இன்னும் வசதிதானே? நீர் ஒத்துக்கொள்ளும்; மீன்களும், பாறையில் ஒட்டியிருந்து இரை பிடிக்கும் விலங்குகளான கடல் சாமந்திகளும்தான் விடாது. அங்கே சுண்ணாம்புப் பாசியின் கிளைகளுக்குள் ஒளியத் தெரிந்த, அதே வகையறாவைச் சேர்ந்த ஆம்பிபாட், ஐசோபாட், வேறு கோப்பிபாட் இனங்களே பிழைக்கின்றன.

குட்டைகளை ஒப்பிடும்போது கலக்குவதற்கு முன்பே உப்பளவைப் பாருங்கள். மழைக்குப் பின் நன்னீர் மேலே மிதக்கும். அடிநீரைத் தனியாக அளக்காவிட்டால் கணக்கு தப்பும். பிறகு மெல்லக் கலக்கி, எல்லாக் குட்டையிலும் ஒரே அளவு, 250 மி.லி. போதும், எடுத்து 63 மைக்ரான் சல்லடையில் வடிகட்டுங்கள். 500 மைக்ரான் சல்லடையில் ஆம்பிபாட் தங்கும், கோப்பிபாட்டின் இளம்பருவங்கள் ஓடிவிடும்.

நீரை மட்டும் எடுப்பதுதான் பெரிய பிழை. 5 செ.மீ. சதுரப் பாசியை நீருக்கடியிலேயே பையில் மூடிச் சுரண்டி, நன்னீரில் உலுக்குங்கள்; ஒட்டியிருப்பவை பிடி விடும். மாதிரியைக் கெடாமல் வைக்கும் 70 சதவீத ஆல்கஹாலில் சிவப்பு வெளுத்துவிடும், அதனால் நிறத்தை உயிரோடு இருக்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள்.