பாய்ன் ஆற்றோடு சென்றால்: மீத் மாவட்டத்துக் கோட்டையும் கல்லறைகளும்

அயர்லாந்துக்குச் செல்லும் பலர் கோட்டைகளைத் தேடி மேற்குக் கரை வரை பயணம் செய்கிறார்கள். அவர்களிடம் நான் சொல்ல விரும்புவது, டப்ளினுக்கு வடமேற்கே அருகிலேயே இருக்கும் மீத் மாவட்டத்துக்கு முதலில் நேரம் ஒதுக்குங்கள் என்பதுதான். அங்கே பார்க்க வேண்டியவற்றுள் பெரும்பாலானவை பாய்ன் ஆற்றை ஒட்டியே அமைந்துள்ளன. டிரிம் நகரில் தொடங்கி ஆறு ஓடும் திசையிலேயே சென்றால், பன்னிரண்டாம் நூற்றாண்டிலிருந்து புதிய கற்காலத்துக்கு ஏறத்தாழ வரிசை பிறழாமல் பின்னோக்கிப் போகலாம். புதிய கற்காலக் கல்லறையான நியூகிரேஞ்சை முதலில் பார்த்துவிட்டால் மற்றவை எல்லாம் சிறியவையாகத் தோன்றிவிடும் என்பதால், இந்த வரிசையையே நான் பரிந்துரைப்பேன்.

இங்கிலாந்திலிருந்து வந்த நார்மன் பிரபுக்களான ஆங்கிலோ-நார்மன்கள் அயர்லாந்தில் கட்டிய கோட்டைகளுள் மிகப் பெரியது டிரிம் கோட்டை. அயர்லாந்தின் லெயின்ஸ்டர் பகுதியில் ஸ்ட்ராங்போ என்ற ஆங்கிலோ-நார்மன் பிரபுவின் கை ஓங்குவதைக் கண்ட இங்கிலாந்தின் இரண்டாம் ஹென்றி மன்னர், அவருக்கு எதிர் எடையாக இருக்கட்டும் என்று 1172இல் மீத் பகுதியை ஹியூ டி லேசி என்ற இன்னொரு பிரபுவுக்கு வழங்கினார். டி லேசி முதலில் எழுப்பிய மர அரண் அடுத்த ஆண்டே எரிந்துபோனது. 1176 வாக்கில் தொடங்கிய கல் கட்டுமானம் முடிவதற்கு முப்பது ஆண்டுகள் பிடித்தன. இதன் நடுக்கோபுரம் வழக்கமான சதுரமோ வட்டமோ அன்று. சதுரத்தின் நான்கு பக்கங்களிலும் சிறு கோபுரங்கள் துருத்தி நிற்க, இருபது மூலைகள் கொண்ட சிலுவை வடிவம் அது. வெளி மதிலைச் சுற்றிப் பார்ப்பதோடு திரும்பிவிடாமல், வழிகாட்டியுடன் கோபுரத்தின் உச்சி வரை கட்டாயம் ஏறுங்கள். ஆற்றின் மறுகரையில் சிதைந்து நிற்கும் மடாலயத்து மணிக்கோபுரமும், கோட்டைக்கு இந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதும் அங்கிருந்து பார்த்தால்தான் விளங்கும்.

கோட்டை முடிவதை டி லேசி பார்க்கவில்லை. 1186இல் டரோ என்னுமிடத்தில் தமது இன்னொரு கோட்டையைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தபோது கோடரியால் வெட்டிக் கொல்லப்பட்டார். பிற்பாடு அவருடைய உடலை ஆற்றின் கீழ்ப்பகுதியிலுள்ள பெக்டிவ் மடாலயத்திலும் தலையை டப்ளினிலும் அடக்கம் செய்தார்கள்; இரண்டும் ஒரே இடத்தில் சேர 1205 வரை வழக்கு நடந்தது. 1147இல் சிஸ்டர்சியன் துறவிகளுக்காக நிறுவப்பட்ட அந்த மடாலயம், டிரிமுக்கும் நாவனுக்கும் இடையே இப்போதும் கூரையற்று நிற்கிறது. இந்த வழக்கைத் தெரிந்துகொண்டு சென்றால் அந்த வெறும் சுவர்களை நின்று பார்க்கத் தோன்றும்.

டாரா குன்று ஆற்றங்கரையிலிருந்து சற்று விலகியிருக்கிறது. அயர்லாந்தின் பேரரசர்களோடு மரபு இணைத்துப் பேசும் இடம் அது என்றாலும், அந்தக் காலத்துக் கட்டடம் எதுவும் அங்கே எஞ்சவில்லை. புல் மூடிய மேடுகளும் பள்ளங்களும், லியா ஃபால் என்ற நிறுத்தப்பட்ட கல்லும், உள்ளே பழைய கல்லறை ஒன்றைக் கொண்ட சிறு மேடும்தான் பார்க்கக் கிடைக்கும் பழைய எச்சங்கள். கதை தெரியாமல் வருபவர்களுக்கு இது ஏமாற்றமாகவே முடியும். 1843இல் ஐரிஷ் அரசியல் தலைவர் டேனியல் ஓ'கானல் தமது மாபெரும் கூட்டங்களுள் ஒன்றை இங்கே நடத்தியதற்குக் காரணம், இந்த வெறும் புல்வெளிக்கு ஐரிஷ் மக்களின் மனத்தில் இருந்த மதிப்புதான்.

இனி நியூகிரேஞ்ச். கி.மு. 3200 அளவில், கீசாவின் பெரிய பிரமிடுக்குச் சில நூற்றாண்டுகள் முன்பே, உலோகம் அறியாத உழவர்கள் எழுப்பிய நடைவழிக் கல்லறை இது. சுமார் 85 மீட்டர் குறுக்களவுள்ள இந்த மேட்டைச் சுற்றி 97 பெருங்கற்கள் கிடக்கின்றன. முகப்பிலுள்ள வெண்படிகக் கல் சுவரைத்தான் எல்லாரும் படம் எடுக்கிறார்கள். ஆனால் அகழாய்வில் கிடைத்த கற்களைக் கொண்டு 1970களில் திரும்பக் கட்டியது அது; ஆதியில் அப்படித்தான் இருந்ததா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதைவிட, வாயிலில் கிடக்கும் சுருள் கோலக் கல்லையும் உள்ளறையின் கூரையையும் பாருங்கள். கற்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சற்றே உள்நோக்கி நீட்டி அடுக்கி, சாந்து எதுவும் இல்லாமல் ஆறு மீட்டர் உயரத்துக்கு எழுப்பிய அந்தக் கூரை, ஐயாயிரம் ஆண்டுகளாக மழைநீரை உள்ளே விட்டதில்லை.

வாயிலுக்கு மேலே ஒரு சிறு திறப்பு இருக்கிறது. டிசம்பர் 21ஐ ஒட்டிய சில நாள்களில், வானம் தெளிவாக இருந்தால், உதயசூரியனின் கதிர் அதன் வழியே புகுந்து, 19 மீட்டர் நடைவழியைக் கடந்து, உள்ளறையைச் சுமார் 17 நிமிடங்கள் ஒளியூட்டுகிறது. உள்ளூரில் வழங்கிவந்த ஒரு பேச்சைச் சோதிக்க 1967இல் உள்ளே காத்திருந்த அகழாய்வாளர் மைக்கேல் ஓ'கெல்லி, நம் காலத்தில் இதை முதன்முதலாகக் கண்டு பதிவு செய்தார். அந்த விடியற்காலைகளில் உள்ளே செல்ல இடம் மிகக் குறைவு என்பதால் குலுக்கல் முறையில் ஆள்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மற்ற நாள்களில் செல்வோருக்கு மின்விளக்கால் அதைச் செய்து காட்டுகிறார்கள். அந்தச் செயற்கை ஒளியே என் உடலைச் சிலிர்க்க வைத்தது.

அருகிலுள்ள நௌத் கல்லறையைத் தவற விடாதீர்கள். கிழக்கும் மேற்குமாக இரண்டு நடைவழிகள் கொண்ட அந்த மேட்டில்தான் மேற்கு ஐரோப்பாவின் பெருங்கற்காலக் கல் செதுக்கல்களில் கால்பங்குக்கு மேல் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். இரண்டு இடங்களுக்கும் ஆற்றின் தென்கரையிலுள்ள பார்வையாளர் மையத்திலிருந்து மட்டுமே பேருந்தில் அழைத்துச் செல்கிறார்கள். கோடையில் சீட்டுகள் விரைவில் தீர்ந்துவிடும். ஆகவே பயண நாள் உறுதியானதும் முதலில் இந்த முன்பதிவைச் செய்துவிட்டு, டிரிமையும் டாராவையும் அதற்கேற்ப அமைத்துக்கொள்ளுங்கள்.