பலகையின் ரேகை

ஷார்ஜாவில் நான் முதன்முதலில் சுத்தியலால் தட்டிப் பார்த்த கட்டடம் ஆறு மாடிக் குடியிருப்பு. 1970-களின் பிற்பகுதியில் எழுந்தது. கீழே கடைகள், மேலே வீடுகள். மாடிப்படியை ஒட்டி, வெயிலை மறைக்கக் கான்கிரீட்டில் வார்த்த ஜாலி. அறுகோணத் துளைகள். மாலை வெயில் அந்தத் துளைகள் வழியே படிகளில் விழும் நேரத்தில் பள்ளி விட்டு வரும் குழந்தைகள் வெளிச்சத் துண்டுகளை மட்டும் மிதித்துத் தாவித் தாவி ஏறுவார்கள். அந்தக் கட்டடத்தில் வேலை பார்த்த மூன்று வாரமும் அதைப் பார்த்தேன்.

எங்களுக்குக் கொடுத்திருந்தது பழுது ஆய்வு. கயிற்றில் தொங்கும் மேடையான கிரேடிலில் நின்றபடி முகப்பு முழுவதையும் ஓரடிக்கு ஓரடி தட்டிக்கொண்டே வர வேண்டும். நல்ல கான்கிரீட் கணீரென்று பதில் சொல்லும். உள்ளே கம்பி துருப்பிடித்து மேல்தோல் பிரிந்திருந்தால் கீறல் விழுந்த பானையைத் தட்டியதுபோலப் 'பொத்'தென்று கேட்கும். அப்படிக் கேட்ட இடங்களைச் சாக்பீஸால் வட்டமிடுவோம். மூன்றாம் நாள் மாலை கீழே இறங்கி நிமிர்ந்து பார்த்தேன். கட்டடத்துக்கு அம்மை போட்டிருந்தது போல இருந்தது.

கான்கிரீட்டின் காரத்தன்மை போய்விட்டதா என்று அறிய ஒரு சோதனை உண்டு. புதிதாக உடைத்த பரப்பில் பினாஃப்தலீன் கரைசலைத் தெளிப்போம். காரம் இருந்தால் அடர்ந்த இளஞ்சிவப்பு நிறம் வரும். காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே போய்க் காரத்தைத் தின்றுவிட்டிருந்தால் நிறமே வராது. காரம் இருக்கும்வரை கம்பிக்குப் பாதுகாப்பு என்றுதான் கல்லூரியில் படித்தேன். இந்தக் கட்டடத்தில் தெளித்த இடமெல்லாம் இளஞ்சிவப்பு பூத்தது. ஆனால் அதே குழியில் கம்பி செதில் செதிலாக உரிந்து கையோடு வந்தது. காரணம் உப்பு. நகரங்கள் அவசரமாக எழுந்த அந்த ஆண்டுகளில் வளைகுடாவின் பல இடங்களில் கடலோர மணலும் உப்பேறிய கிணற்று நீரும் கலவைக்குப் போயின. காரம் எவ்வளவு இருந்தாலும் உப்பிலுள்ள குளோரைடு கம்பியின் காப்புப் படலத்தைத் துளைத்துவிடும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த இடத்துக்காக உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளக்கும்.

பிழைக்க வைக்க முடியாத கட்டடம் இல்லை அது. அப்படித்தான் எங்கள் அறிக்கையில் எழுதினோம். உரிமையாளர் வேறு முடிவெடுத்தார். ஜாலியை இடித்துவிட்டு முகப்பு முழுவதையும் மூடி அலுமினியத் தகட்டுப் போர்வை, அதாவது கிளாடிங், போட்டார்கள். ஒரு வருடம் கழித்து அந்தத் தெருவில் போனபோது எது அந்தக் கட்டடம் என்று கண்டுபிடிக்கக் கடையின் பெயர்ப்பலகையைத் தேட வேண்டியிருந்தது. மாடிப்படியில் பகலிலும் டியூப் லைட் எரிந்தது. அந்த வேதனை இன்னும் எனக்குள் இருக்கிறது.

அதே ஷார்ஜாவில், தஸ்மான் பகுதியில், இதற்கு நேர்மாறான ஒன்றையும் பார்த்தேன். 'ஃப்ளையிங் சாசர்' என்று ஊரே அழைக்கும் வட்டக் கட்டடம். 1978-இல் திறந்தது. ஆங்கில 'வி' எழுத்தைப் போன்ற தூண்கள், சுற்றிலும் கண்ணாடி, மேலே 32 முனைகள் கொண்ட நட்சத்திரமாக விரியும் கூரை. சூப்பர் மார்க்கெட்டாக இருந்தது, பிறகு கோழி வறுவல் கடையானது, வழியில் அதன்மீதும் கிளாடிங் ஏறியது. 2012-இல் ஷார்ஜா கலை அறக்கட்டளை அதை வாங்கியது. மோனா எல் மூஸ்ஃபி என்ற கட்டடக் கலைஞரின் பொறுப்பில் பின்னாளைய ஒட்டுகளையெல்லாம் கழற்றி, பழைய உருவத்தை வெளியே கொண்டுவந்து 2020-இல் மறுபடி திறந்தார்கள். நட்சத்திரம் பழையபடி தூண்கள்மேல் மிதக்கிறது. கிளாடிங்கைப் போடத் தெரிந்த ஊருக்குக் கழற்றவும் தெரியும் என்று அன்று எனக்குள் ஒரு தெம்பு வந்தது.

இந்தத் தொழிலில் இருப்பவர்களிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: 50 வருடம்கூட ஆகாத சிமென்ட் கட்டடம் எப்படிப் பாரம்பரியமாகும்? கோட்டை என்றால் ஒப்புக்கொள்கிறார்கள். பவளக் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய வீடு என்றாலும் ஒப்புக்கொள்கிறார்கள். ஷார்ஜாவின் வங்கித் தெருவில் இருந்த 1970-களின் மாடிக் கட்டடங்கள் பலவும், அவற்றுக்கும் முந்தைய பழைய நகரத்தை மீட்டெடுக்கும் திட்டத்துக்காகத்தான் இடிபட்டன. பழையதை மதிப்பது நல்லதுதான். ஆனால் ஒரு தலைமுறையின் நினைவைக் காக்க இன்னொரு தலைமுறையின் நினைவை இடிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. எண்ணெய் வருமானம் வந்ததும் இந்த நகரங்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட முதல் நூலகம், முதல் பஸ் நிலையம், முதல் அடுக்குமாடி வீடுகள் அல்லவா அவை! குவைத்தில் கனடா நாட்டுக் கட்டடக் கலைஞர் ஆர்தர் எரிக்சன் வடிவமைத்த அல் சவாபிர் குடியிருப்பை 2019-இல் தரைமட்டமாக்கினார்கள். படிப்படியாக உள்வாங்கி ஏறும் அந்த வீடுகளைப் படத்தில் மட்டும்தான் இனிக் காட்ட முடியும்.

அபுதாபியில் நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. கஸ்ர் அல் ஹொஸ்ன் கோட்டையை ஒட்டிய பண்பாட்டு நிலையம் 1981-இல் திறந்தது. ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் வால்டர் குரோப்பியஸ் மற்றவர்களோடு சேர்ந்து அமெரிக்காவில் நிறுவிய டி.ஏ.சி. (தி ஆர்க்கிடெக்ட்ஸ் கொலாபரேட்டிவ்) குழுவின் வடிவமைப்பு. பல ஆண்டுகள் மூடிக்கிடந்து, புதுப்பித்தபின் 2018-இல் திறந்தார்கள். 2023-இல் நவீன காலத்துக் கட்டடங்களில் 64-ஐ இடிக்கக் கூடாதவை என்று அரசு அறிவித்தது. அதில் பஸ் நிலையமும் இருக்கிறது. அந்தச் செய்தியைப் படித்த அன்று நாங்கள் தங்கியிருந்த தொழிலாளர் கேம்பில் எல்லோரும் அதைப் பற்றியே பேசினார்கள். துபாய்க்கும் ஷார்ஜாவுக்கும் போக டிக்கெட் வாங்கி அந்தக் கூரையின் கீழ் காத்திருக்காதவர் எங்களில் யார்?

அபுதாபியில்தான் எனக்கும் ஒரு நல்ல வேலை கிடைத்தது. 1980-களின் பொதுக் கட்டடம் ஒன்று. பெயர் வேண்டாம். பூச்சே இல்லாத வெறும் கான்கிரீட் சுவர். கான்கிரீட்டை வார்க்க அச்சாக அடித்த சென்ட்ரிங் பலகையின் மரரேகை அப்படியே பதிந்திருக்கும். எங்கள் போர்மேன் பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர். சென்ட்ரிங் தச்சராக 1980-களில் வளைகுடாவுக்கு வந்தவர். முதல் நாள் அந்தச் சுவர்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். "தம்பி, இந்தப் பலகையை ஒரே ஆள்தான் அடித்திருக்கிறான். ஆணி எல்லாம் ஒரே இடைவெளியில் விழுந்திருக்கிறது பாருங்கள்" என்றார். நான் பார்த்தேன். ஆணித் தலைகளின் சின்னஞ்சிறு வட்டங்கள் வரிசை பிசகாமல் சுவரில் ஓடின. பல மாதங்களாக அந்தச் சுவரின் அளவுகளை எடுத்துக்கொண்டிருந்த என் கண்ணில் அது படவே இல்லை.

முதலில் நாங்கள் தவறு செய்தோம். பொத்தென்ற இடங்களை மட்டும் வெட்டி எடுத்துப் புதுக் கலவையால் அடைத்தோம். ஒன்றரை வருடத்தில் ஒட்டுகள் அப்படியே இருக்க, அவற்றைச் சுற்றிப் புதிய விரிசல்கள் வந்தன. உப்பில்லாத புதுக் கலவைக்குள் இருக்கும் கம்பி தப்பித்துக்கொள்ளும். பக்கத்தில் பழைய உப்புக் கான்கிரீட்டில் இருக்கும் கம்பி முன்னைவிட வேகமாக அரிபடும். இதை நான் புத்தகத்தில் படித்திருந்தேன். அவசரத்தில் விட்டுவிட்டேன். இரண்டாம் முறை ஒவ்வொரு ஒட்டின் ஓரத்திலும் கம்பியோடு துத்தநாகக் கட்டிகளைக் கட்டி உள்ளே வைத்தோம். இரும்புக்குப் பதில் துத்தநாகம் கரையும்.

நிறம் அதைவிடக் கடினம். சாம்பல் சிமென்டில் வெள்ளைச் சிமென்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, மணலை மாற்றி மாற்றி 14 மாதிரிப் பலகைகள் வார்த்தோம். ஈரத்தில் பொருந்தியது காய்ந்ததும் வெளுத்தது. வெயிலில் வாரக்கணக்கில் கிடந்தபின் பதினோராவது மாதிரிதான் சுவரோடு சேர்ந்தது. மரரேகையைப் போர்மேன் அண்ணன் பார்த்துக்கொண்டார். அதே அகலத்தில் பலகைகளை அறுத்து, கம்பித் தூரிகையால் தேய்த்து மென்மையான பகுதியைப் போக்கி ரேகையை எழுப்பினார். ஒட்டுப்போடும் இடத்தில் அந்தப் பலகையையே அச்சாக அடித்தார். ஆணியையும் பழைய இடைவெளியை அளந்துதான் அடித்தார். கன்சல்டன்ட் வந்து, எந்த இடத்தில் ஒட்டுப் போட்டீர்கள் என்று கேட்டார். வரைபடத்தைப் பார்த்துத்தான் காட்ட முடிந்தது.

உப்பேறிய கான்கிரீட்டை முழுக்க எடுத்துவிட்டால் அந்தச் சுவரே இருக்காது, விட்டுவைத்தாலும் சுவர் நிற்காது. அசல் பொருளே நோயாக இருக்கும்போது எதைக் காப்பாற்றுவது என்று பல இரவுகள் யோசித்திருக்கிறேன். லெபனானின் திரிப்போலியில் பிரேசில் நாட்டுக் கட்டடக் கலைஞர் ஆஸ்கர் நீமாயர் வடிவமைத்த கண்காட்சித் திடலுக்கும் இதே கேள்விதான். 1975-இல் உள்நாட்டுப் போரால் பாதியில் நின்ற பணி. 2023-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த கையோடு, ஆபத்திலுள்ளவை என்ற பட்டியலிலும் சேர்த்தது. அங்கேயும் வளைவுகளிலிருந்து கான்கிரீட் உதிர்கிறது. கெட்டுப்போன கான்கிரீட் கட்டியைத் தூக்கிப் போடலாம். அந்த ஆணியின் இடைவெளியைத் தூக்கிப் போடக் கூடாது. என் அளவில் நான் கண்ட விடை அவ்வளவுதான். கட்டியவனின் கை அதில்தான் இருக்கிறது.

எங்கள் ஆய்வுப் படிவத்தில் கட்டடக் கலைஞரின் பெயருக்கு ஒரு கட்டம் உண்டு, ஒப்பந்ததாரருக்கு ஒரு கட்டம் உண்டு. மணல் எங்கிருந்து வந்தது, தண்ணீர் எங்கிருந்து வந்தது, யார் வார்த்தார்கள் என்பதற்கு இல்லை. பழைய வரைபடங்கள் பெரும்பாலும் தொலைந்துவிட்டன. ஆனால் அந்த ஆட்கள் ஊரில் இருக்கிறார்கள். போன விடுப்பில் போர்மேன் அண்ணன் சொல்லி, பேராவூரணிப் பக்கம் ஒரு பெரியவரைப் பார்க்கப் போனேன். அபுதாபியில் நான் வேலை பார்த்த அதே கட்டடத்தில் கலவை போட்டவர். தண்ணீரைப் பற்றிக் கேட்டேன். "லாரியில் வரும். வாயில் வைக்க முடியாது, அப்படிக் கரிக்கும். வடக்குப் பக்கச் சுவர் முழுக்க அந்தத் தண்ணீர்தான். அதன் பிறகு நல்ல தண்ணீர் வந்தது" என்றார். பரிசோதனைக்கூட அறிக்கையில் உப்பு அதிகமாக இருந்தது வடக்குச் சுவரில்தான். ஏன் என்று எங்களில் ஒருவராலும் சொல்ல முடிந்திருக்கவில்லை.

அன்றிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். ஆளுக்கு ஒரு பக்கம். இதுவரை 9 பக்கங்கள் நிறைந்திருக்கின்றன. மதுக்கூரில் இன்னும் இரண்டு பேர் இருப்பதாகச் சொல்கிறார்கள். ஒருவருக்கு 80 வயது நெருங்குகிறது, காது சரியாகக் கேட்பதில்லையாம். அடுத்த விடுப்பு வரை காத்திருக்காமல், இந்த மாதமே தம்பியை அனுப்பிக் கேட்டு எழுதி வாங்கச் சொல்லியிருக்கிறேன்.