19 மாடியில் என் பங்கு மண்

சென்னை ஓஎம்ஆரில் வாடகை ஏறும் வேகத்துக்குப் பயந்துதான் நாவலூரில் 19 மாடிக் குடியிருப்பு ஒன்றைப் பார்க்கப் போனோம். கட்டுமானம் அப்போது மூன்றாம் மாடியில் இருந்தது. மாதிரி வீடு பிரமாதம். "அடுத்த வாரம் சதுர அடிக்கு 200 ரூபாய் ஏறிடும் சார்" என்றார் விற்பனைப் பையன். என் மனைவி மட்டும், "யுடிஎஸ் எவ்வளவு தம்பி?" என்று கேட்டாள். அவர் மேனேஜரைத் தேடிப் போனார்.

யுடிஎஸ் என்றால் பிரிபடாத நிலப் பங்கு. நம் பெயருக்குப் பத்திரமாகும் மண் அதுதான். விளம்பரத்தில் 1,180 சதுர அடி, யுடிஎஸ் 390. மாடி ஏற ஏற அதே நிலத்தைப் பங்கு போடும் ஆட்களும் கூடுகிறார்கள். வெளிச்சுவருக்குள் அடங்கும் கார்பெட் ஏரியா 820. மீதிக் காசு லிஃப்டுக்கும் படிக்கட்டுக்கும், நான் எட்டிக்கூடப் பார்க்கப்போகாத ஜிம்முக்கும்.

அன்றிரவே, கட்டுமானத் திட்டங்களைப் பதிவு செய்யும் ரெரா ஆணையத்தின் தளத்தில் தேடினோம். வீடு கைக்கு வரும் என்று பையன் சொன்னது அடுத்த தீபாவளி. பதிவாகியிருந்த முடிவுத் தேதியோ அதற்கும் 14 மாதம் தள்ளி! தாமதத்துக்கு வட்டி கேட்பதென்றால் பையன் வாய்ச்சொல் உதவாது, ஒப்பந்தத்தில் என்ன தேதி என்பதுதான் பேச்சு.

முன்பணமாக 20 சதவீதம் கேட்டார்கள். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2016 ரெரா சட்டமே சொல்கிறது. "எல்லாரும் கொடுக்கறாங்களே சார்" என்றார் மேனேஜர். கொடுக்கிறார்கள்தான். நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். இரண்டு வாரம் கழித்து அவர்களே கூப்பிட்டு, 10 போதும் என்றார்கள்.

வில்லங்கத்தைப் பதிவுத்துறை தளத்திலேயே காசில்லாமல் பார்க்கலாம். பார்த்தால், நிலம் வங்கியில் அடமானம். கட்டுநர்கள் இப்படிக் கடன் வாங்குவது சகஜம் என்றார் வக்கீல். ஆனால் அந்த வங்கியின் தடையில்லாச் சான்று வராமல் எங்கள் கடன் நகராது. அதற்கே ஒரு மாதம்.

இதற்கிடையில் ஊரிலிருந்து அப்பா போன். "மௌலிவாக்கம் மறந்துபோச்சாடா?" 2014இல் 11 மாடி சரிந்து 61 பேர் போனதை அவர் மறக்கவில்லை. சாவி வாங்கிய 5 வருஷத்துக்குள் கட்டமைப்பில் குறை தெரிந்தால் கட்டுநர் செலவில் சரிசெய்ய வேண்டும் என்று சொன்னேன். "இடிஞ்ச பிறகு யாருக்குடா சரிசெய்வான்?" என்றார். மண் பரிசோதனை அறிக்கையையும் கேட்டு வாங்கினேன்.

கடைசியில் கையெழுத்துப் போட்டாயிற்று. மாடி எழும்ப எழும்ப வங்கி பணம் விடுகிறது. வாடகையோடு வட்டியும் கட்டுகிறோம். ஞாயிறுதோறும் போய் எண்ணுகிறேன். போன வாரம் 11. எங்கள் வீடு 14இல்.