டிரைவர் சீட்டிலிருந்து டைம் கீப்பர் அறைக்கு: மாற்றுப் பணி கேட்டு வாங்கிய அனுபவம்

நான் கையெழுத்துப் போட வேண்டிய தாளை முன்கூட்டியே டைப் அடித்து வைத்திருந்தார்கள். "எனது உடல்நிலை காரணமாகப் பேருந்து ஓட்டும் பணியைத் தொடர இயலாததால், சொந்த விருப்பத்தின் பேரில் என்னைப் பணியிலிருந்து விடுவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்." கீழே என் பெயர், பணி எண், கையெழுத்துக்கு ஒரு கோடு. 17 வருடம் அரசு பஸ் ஓட்டியிருக்கிறேன். எதிரே இருந்த கிளார்க் நல்ல மனிதர்தான். "போட்டுக் கொடுத்துருங்கண்ணே. பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சீக்கிரம் வந்துரும். மெடிக்கல் போர்டே அன்ஃபிட்னு எழுதிட்ட பிறகு நாம என்ன செய்ய முடியும்?" என்றார்.

வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்து வந்தேன். அன்றைக்கு எனக்குச் சட்டம் எதுவும் தெரியாது. சொந்த விருப்பம் என்ற அந்த இரண்டு வார்த்தை மட்டும் உறுத்தியது, ஏனென்றால் அது பொய். இதே மாதிரி ஒரு தாள் முன்னால் உட்கார்ந்திருக்கும் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். தானாகக் கேட்டு விலகியவனுக்காகப் பேசச் சட்டத்தில் அதிக இடமில்லை.

விபத்து நடந்தது டூட்டி முடிந்த பிறகு. இரவு வண்டியை டெப்போவில் விட்டுவிட்டு டூவீலரில் வீடு திரும்பும்போது நாய் குறுக்கே பாய்ந்தது. வலது கணுக்கால் நொறுங்கிவிட்டது. இரண்டு ஆபரேஷன், பிளேட், ஸ்க்ரூ, எட்டு மாதம் லீவு. எலும்பு கூடியது, ஆனால் கணுக்கால் மடங்கவில்லை.

பஸ் ஓட்டியவர்களுக்கு இதன் அர்த்தம் புரியும். பிரேக்கை மிதிப்பது என்றால் காலைத் தூக்கி வைப்பது இல்லை. குதிகாலை ஊன்றிக்கொண்டு, முன்பாதத்தால் மட்டும் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். நின்றுகொண்டு வரும் பாட்டி முன்னால் சாயாமல் வண்டியை நிறுத்துவது அந்தக் கணுக்காலின் வேலை. ஒருநாள் விடியற்காலையில் நண்பர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டெப்போவுக்குள்ளேயே காலி வண்டியை எடுத்துப் பார்த்தேன். முழங்காலிலிருந்து மொத்தக் காலையும் தூக்கி வைக்க வேண்டியிருந்தது. வண்டி குலுங்கி நின்றது. நானே இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினேன். பிறகு ஸ்பேர் பஸ் நிற்கும் இடத்தில் போய்க் கொஞ்ச நேரம் தனியாக உட்கார்ந்திருந்தேன்.

அதனால் போர்டு என்னை அன்ஃபிட் என்று சொன்னதில் எனக்குச் சண்டை இல்லை. அந்தச் சான்றிதழில் இருந்தது "கனரக வாகனம் ஓட்டத் தகுதியற்றவர்" என்றுதான். அதை எந்த வேலைக்கும் தகுதியற்றவர் என்று அலுவலகம் வாசித்துக்கொண்டது. சண்டை முழுக்க அந்த இடத்தில்தான்.

எங்கள் சங்கத்தில் ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். மேஜையிலிருந்து ஒரு ஜெராக்ஸ் தாளை எடுத்து, "சத்தமாப் படி" என்றார். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 20, உட்பிரிவு 4. வேலையில் இருக்கும்போது உடல் குறைபாடு வந்தவரை எந்த அரசு நிறுவனமும் வேலையை விட்டு அனுப்பக் கூடாது, பதவியில் இறக்கவும் கூடாது. பார்த்த வேலையைப் பார்க்க முடியாவிட்டால், அதே சம்பள விகிதத்தோடும் அதே பணிப் பலன்களோடும் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். அப்படி ஒரு இடம் காலியாக இல்லையென்றால், தகுந்த இடம் கிடைக்கும் வரை அல்லது ஓய்வு வயது வரை, அவருக்காகவே ஒரு கூடுதல் பணியிடத்தை உருவாக்கி அதில் வைத்துக்கொள்ள வேண்டும். இதற்குப் பெயர் சூப்பர்நியூமரரி போஸ்ட். அரசுக்குச் சொந்தமான கழகங்களும் இந்தச் சட்டத்தின்படி அரசு நிறுவனம்தான்.

இரண்டு முறை படித்தேன். "டூட்டியில் அடிபட்டால் மட்டும்" என்று எங்காவது இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. பணிக்காலத்தில் என்றுதான் இருக்கிறது.

அடுத்தது மாற்றுத்திறனாளி சான்றிதழ். இதில் நான் மூன்று மாதத்தை வீணடித்தேன். கால் சரியாகிவிடும் என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. அந்தச் சொல்லை என்மேல் ஒட்டிக்கொண்டால் அதோடு எல்லாம் முடிந்துவிடும் என்று பயந்தேன். கடைசியில் என் மனைவிதான், "காலுக்கு என்ன பேர் வச்சா என்ன, வீட்ல உலை கொதிக்கணும்ல" என்று கூட்டிக்கொண்டு போனாள். அரசு மருத்துவமனையில் எலும்பு டாக்டர், டிகிரி அளக்கும் கருவியைக் கணுக்காலில் வைத்து, மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்று அளந்து எழுதினார். 35 சதவீதம், நிரந்தரம்.

அந்த 35-ஐ வைத்துத்தான் அலுவலகம் அடுத்த கதவை மூடப் பார்த்தது. "40 சதவீதம் இருந்தாத்தான் சட்டம் பொருந்தும்" என்றார்கள். இது பல அலுவலகங்களில் சொல்லப்படுகிறது, பலர் நம்பித் திரும்பியும் போகிறார்கள். 40 சதவீதம் என்பது இட ஒதுக்கீடு போன்ற சில சலுகைகளுக்கான அளவு. பிரிவு 20-இல் அந்த எண்ணே கிடையாது. 2021-இல் உச்ச நீதிமன்றம் விகாஷ் குமார் வழக்கில், நியாயமான வசதி, அதாவது குறைபாடு உள்ளவருக்காகச் செய்து தரும் தேவையான மாற்றம், கேட்பதற்கு 40 சதவீதத்தை முன்நிபந்தனை ஆக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. அது, தான் சொல்லச் சொல்ல எழுதித் தரும் உதவியாளரோடு தேர்வு எழுதக் கேட்டவரின் வழக்கு, பஸ் டிரைவர் வழக்கு இல்லை. இருந்தாலும் என் விளக்கக் கடிதத்தில் அதைக் குறிப்பிட்டேன்.

விளக்கக் கடிதம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், எனக்கு வேலையைத் திருப்பித் தந்ததே அதுதான் என்று நினைக்கிறேன். "ஏன் உங்களை மருத்துவக் காரணத்தால் விடுவிக்கக் கூடாது" என்று நோட்டீஸ் வந்திருந்தது. 15 நாள் அவகாசம். முதலில் நான் எழுதியது குடும்பக் கஷ்டம்: இரண்டு பிள்ளைகள், அம்மாவுக்கு சுகர், நகை அடகில். கண்டக்டர் ஐயா அதை வாங்கி மடித்து வைத்துவிட்டு, "இதைப் படிச்சு இரக்கப்படுவாங்க. உத்தரவு போட மாட்டாங்க. உன்னால என்ன வேலை பார்க்க முடியும்னு எழுது" என்றார்.

எனக்கே தெரியவில்லை. 17 வருடமாக டெப்போவுக்குள் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனவன், அங்கே மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று நின்று பார்த்ததே இல்லை. அதனால் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு இரண்டு நாள் காலை நான்கு மணிக்கே போய் உட்கார்ந்தேன். டீசல் பங்க்கில் வண்டி எண், கிலோமீட்டர், லிட்டர் எழுதுபவர் ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை எழுந்திருக்கிறார். டைம் கீப்பர் அறையில் டூட்டி போடுபவர் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறார். டிக்கெட் மெஷின் கொடுக்கும் கவுண்டர் மாடியில் இருக்கிறதா, கீழேயா. பொருட்கள் ஸ்டோரில் எவ்வளவு எடை தூக்க வேண்டும். எல்லாவற்றையும் எழுதினேன். கடிதத்தில் மூன்று வேலைகளைக் குறிப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் எனக்கு என்ன மாற்றம் தேவை என்றும் எழுதினேன். டைம் கீப்பர் அறைக்கு நான் கேட்டது, கால் நீட்டி வைக்க ஒரு ஸ்டூல், அரை மணிக்கு மேல் தொடர்ந்து நிற்காத ஏற்பாடு. அவ்வளவுதான். நிறுவனத்துக்கு அளவுக்கு மீறிய சுமை ஆகாத, தேவையான மாற்றம் என்றுதான் நியாயமான வசதியைச் சட்டம் விளக்குகிறது. ஒரு ஸ்டூலைச் சுமை என்று யாரும் எழுத்தில் சொல்ல முடியாது.

பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன். ஒரு நகல் குறைதீர்க்கும் அலுவலருக்கு. அரசு நிறுவனம் ஒவ்வொன்றும் பிரிவு 23-இன்படி அப்படி ஒருவரை நியமிக்க வேண்டும், அவர் புகாரைப் பதிவு செய்த இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் அவர் யார் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

வந்த பதில் பாதிக் கதவு. வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் டயர் பிரிவில் ஹெல்பர், அந்தப் பதவிக்கான குறைந்த சம்பளத்தில். நாள் முழுக்க நின்றுகொண்டு, டயர் உருட்டும் வேலை. நான் எழுதிய மூன்றில் எதுவும் இல்லை. "காலியிடம் இல்லை" என்று ஒரே வரி. 15 நாளில் சேராவிட்டால் நீக்கம்.

சேர்வதா வேண்டாமா என்று இரண்டு இரவு தூங்கவில்லை. சேர்ந்தேன். சேரும்போது கொடுத்த கடிதத்தில், "பிரிவு 20(4)-இன்படி எனக்குள்ள உரிமைகளை விட்டுக்கொடுக்காமல், எதிர்ப்புடன் சேர்கிறேன்" என்று எழுதி நகலில் சீல் வாங்கினேன். அந்தச் சீல் பின்னால் மிகவும் உதவியது. பதினோரு வாரம் அந்த வேலை பார்த்தேன். மாலையில் ஷூவைக் கழற்றினால் சாக்ஸின் தடம் கணுக்காலில் பள்ளமாகப் பதிந்திருக்கும், இரவு பத்து மணிக்கும் மறையாது. டாக்டரிடம் ஒவ்வொரு முறையும் எழுதி வாங்கி வைத்தேன்.

அதற்கிடையே மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு மனு அனுப்பினேன். சாதாரண வெள்ளைத் தாள், கட்டணம் கிடையாது. விசாரணைக்குச் சென்னை காமராஜர் சாலைக்குப் போனேன். ஆட்களை வரவழைக்கவும் ஆவணம் கேட்கவும் ஆணையருக்கு சிவில் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் உண்டு, அதனால் நிர்வாகத் தரப்பும் வந்தே ஆக வேண்டியிருந்தது. "இவர் கேட்கும் மூன்று வேலையில் எதை இவரால் செய்ய முடியாது என்கிறீர்கள்?" என்று அங்கே கேட்கப்பட்டது. பதில் இல்லை. அதே சம்பளத்தில் உட்கார்ந்து பார்க்கும் பணி தர வேண்டும் என்று பரிந்துரை வந்தது.

பரிந்துரை என்பதைக் கவனியுங்கள். அது தீர்ப்பு இல்லை. மூன்று மாதத்துக்குள் நடவடிக்கை எடுத்து ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும், ஏற்காவிட்டால் காரணம் சொல்ல வேண்டும். மூன்று மாதமும் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம்தான் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. மாற்றுத்திறனாளிக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது, 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் அது. முன்பே தெரிந்திருந்தால் இன்னொரு வளையலை அடகு வைத்திருக்க மாட்டோம்.

வக்கீல் அம்மா ஒரு பழைய தீர்ப்பின் நகலைத் தந்தார். 2003-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன குணால் சிங் வழக்கு. காலை இழந்த ஒரு காவலரைத் தகுதியற்றவர் என்று அனுப்பிவிட்டு, அவருக்குத்தான் பென்ஷன் தருகிறோமே என்று அரசு வாதாடியிருக்கிறது. பென்ஷன் கொடுப்பதால் வேலைப் பாதுகாப்பு போய்விடாது என்று நீதிமன்றம் சொன்னது. அப்போது இருந்தது மாற்றுத்திறனாளிகளுக்கான பழைய 1995-ஆம் ஆண்டுச் சட்டம், பிரிவு 47. வேலையில் குறைபாடு வந்தவரைக் காப்பாற்றாவிட்டால் அவர் மட்டுமல்ல, அவரை நம்பி இருப்பவர்களும் துன்பப்படுவார்கள் என்று அந்தத் தீர்ப்பில் ஒரு வரி இருக்கிறது. பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்த வரியை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன்.

எட்டு வாரத்துக்குள் டிரைவர் சம்பள விகிதத்திலேயே மாற்றுப் பணி தர வேண்டும் என்று உத்தரவு வந்தது. நோட்டீஸ் வந்த நாளிலிருந்து 14 மாதம். குறைத்துக் கொடுத்த சம்பளத்தின் பாக்கி வந்துவிட்டது. லீவுக் கணக்கு இன்னும் முடியவில்லை, எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று மட்டும் மனசை அறுக்கிறது. என் மச்சினன் தனியார் மில்லில் வேலை பார்த்தவன், இயந்திரத்தில் இரண்டு விரல் போனது. கொஞ்சம் பணத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பிரிவு 20(4) அரசு நிறுவனத்தைத்தான் கட்டுகிறது, தனியாரை இல்லை. அவனுக்காகவும் இதே ஜெராக்ஸை எடுத்துக்கொண்டு ஓடினேன், அவனுக்கு அது பயன்படவில்லை. விரல் எல்லோருக்கும் ஒன்றுதானே. இந்த உட்பிரிவு தனியாருக்கும் நீள வேண்டும் என்று நான் போகிற கூட்டத்தில் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது டைம் கீப்பர் அறையில் இருக்கிறேன். ஸ்டூல் வர ஆறு வாரம் ஆகும் என்றார்கள். டயர் பிரிவுத் தம்பிகள் இரண்டாம் நாளே பழைய பஸ் சீட் ஒன்றை அறுத்து, கால் பொருத்தி, என் மேஜைக்கு அடியில் கொண்டுவந்து வைத்தார்கள். காலை நான்கரைக்கு முதல் வண்டி வெளியே போகும்போது வலது காலை அதன்மேல் வைத்துக்கொண்டுதான் நேரத்தைக் குறிக்கிறேன்.