தண்டையார்பேட்டைச் சமையலறையில் பெர்ரி ஸ்மூத்தி

பிப்ரவரி 3, 2025, திங்கள்

இன்றும் மகள் ஒரு டம்ளர் காப்பியோடு வேலைக்குக் கிளம்பிவிட்டாள். ஏழு மணிக்குள் தண்டையார்பேட்டை மெட்ரோ நிலையத்தில் இருந்தால்தான் கிண்டியில் உள்ள அலுவலகத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர முடியும். அந்த வேளையில் இட்லி தொண்டையில் இறங்க மறுக்கிறது என்கிறாள். பதினோரு மணிக்குப் பசி தாங்காமல் பஜ்ஜியும் டீயுமாக வயிற்றை நிரப்பிக்கொள்கிறாள் என்பது எனக்குத் தெரியும். மென்று தின்னும் வேலை இல்லாத, ஆனால் உணவாக நிற்கிற ஒன்றை அவள் கையில் கொடுக்க வேண்டும் என்று சில நாட்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். உடன் வேலை செய்யும் பெண் காலையில் பெர்ரி ஸ்மூத்தி, அதாவது பெர்ரிப் பழத்தைப் பாலோடோ தயிரோடோ அரைத்த கெட்டியான பானம், குடிப்பதாக நேற்று அவளே சொன்னதால், அதைச் செய்து பார்ப்பதென்று முடிவு செய்திருக்கிறேன். அளவுகளும் பிழைகளும் மறந்துபோகாமல் இருக்க இங்கே எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 5, புதன்

மாலையில் கல்மண்டபம் சந்தைக்குப் போயிருந்தேன். ஸ்ட்ராபெரி இப்போது எங்கள் பக்கத்துத் தள்ளுவண்டிகளுக்குக்கூட வந்துவிட்டது. குளிர்காலத்தில் தொடங்கி மார்ச் வரை மகாராஷ்டிரத்தின் மகாபலேஷ்வர் மலைப்பகுதியிலிருந்து அது வருகிறது. அந்த ஊர்ப் பழத்துக்கு 2010ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும்கூட அது விளைகிறது.

வாங்கும்போது பெட்டியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பது நல்லது. மேலே அடுக்கிய பழங்கள் பளபளவென்று இருந்தாலும், அடியில் ஒன்று நசுங்கிச் சாறு விட்டிருந்தால் மறுநாளே பெட்டி முழுவதும் பூஞ்சை படர்ந்துவிடும். காம்பை ஒட்டிய பகுதி வெள்ளையாக இருக்கும் பழத்தை, வீட்டில் வைத்தால் பழுக்கும் என்று நம்பி வாங்கக் கூடாது. மாம்பழம்போல ஸ்ட்ராபெரி பறித்தபின் பழுப்பதில்லை. பறித்த அன்று இருந்த இனிப்புதான் கடைசிவரைக்கும். இதை வண்டிக்கார அண்ணனிடம் சொன்னபோது, “சரியா சொன்னீங்கம்மா” என்று சொல்லி, அவரே அடியில் இருந்த வேறொரு பெட்டியை எடுத்துக் கொடுத்தார். பெரு போன்ற தொலைதூர நாடுகளிலிருந்து வரும் ப்ளூபெர்ரியும் பெரிய கடைகளில் கிடைக்கிறது. ஆனால் 125 கிராம் பெட்டிக்குக் கேட்ட விலையில் வீட்டுக்கு ஒரு வாரத்துக்கான பழம் வாங்கிவிடலாம் என்பதால் அதைத் தொடவில்லை. தினமும் செய்யப்போகிற உணவுக்கு, தினமும் வாங்கக் கட்டுப்படியாகிற பழம்தான் வேண்டும்.

பிப்ரவரி 6, வியாழன்

முதல் முயற்சி சரியாக வரவில்லை. காய்ச்சி ஆறிய பால், ஸ்ட்ராபெரி, இரண்டு கரண்டி சர்க்கரை, ஐஸ் கட்டி எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு மிக்சியை ஓடவிட்டேன். ஐஸ் கட்டிகள் பிளேடின்மேல் சிக்கி மோட்டார் உறுமி நின்றுவிட்டது. அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்திய பிறகே மீண்டும் ஓடியது. பழத்தின் புளிப்பில் பால் லேசாகத் திரிந்து துகள் துகளாக நின்றது. ஐஸ் உருகியதும் தண்ணீர் போலாகிவிட்டது. மகள் முழுவதும் குடித்துவிட்டு, பத்து மணிக்கே பசித்துவிட்டது என்று மாலையில் சொன்னாள். இது பழம் போட்ட மில்க்ஷேக்தான். காலை உணவு ஆகாது.

பிப்ரவரி 9, ஞாயிறு

இரண்டு நாள் மாற்றி மாற்றிச் செய்து பார்த்ததில் இன்று நிலைத்த முறை ஒன்று கிடைத்திருக்கிறது. ஒருவருக்கான அளவு இது: புளிக்காத தயிர் 150 கிராம், ஸ்ட்ராபெரி 100 கிராம், முந்திய இரவு சிறிது தண்ணீரில் ஊறவைத்த ஓட்ஸ் இரண்டு மேசைக்கரண்டி, தோல் நீக்கிய வறுத்த வேர்க்கடலை ஒரு மேசைக்கரண்டி, கொட்டை எடுத்து ஊறவைத்த பேரீச்சம்பழம் இரண்டு. சர்க்கரை வேண்டாம், தேனும் வேண்டாம்.

பாலைத் தயிராக மாற்றியதுதான் பெரிய திருத்தம். தயிரில் பால் ஏற்கெனவே உறைந்துவிட்டதால் பழத்தின் புளிப்பு அதைத் திரிக்காது. கெட்டித்தன்மையும் கூடவே வந்துவிடுகிறது. ஆவின் நீல நிறப் பாக்கெட் பாலை இரவு ஒன்பது மணிக்கு உறைகுத்தி வைத்தால், காலை ஐந்தரைக்குப் புளிப்பேறாத தயிர் இருக்கிறது. தயிரோடு பழம் சேர்க்கக் கூடாது என்று அத்தை தடுத்துப் பார்த்தார். தயிர்ச்சோற்றுக்கு மாம்பழத்தைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டே வளர்ந்த குடும்பம்தானே அத்தை நம்முடையது என்று நான் நினைவூட்டியதும் சிரித்துவிட்டு ஒரு வாய் வாங்கிக் குடித்தார்.

அரைக்கும் வரிசையும் முக்கியம். முதலில் பேரீச்சம்பழம், வேர்க்கடலை, ஓட்ஸ் மூன்றையும் பாதித் தயிரோடு சேர்த்து மைய அரைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கடலைத் துணுக்குகள் நாக்கில் தட்டும். அதன்பின் மீதித் தயிரை ஊற்றி, பழத்தை எல்லாவற்றுக்கும் மேலே போட்டு, தொடர்ந்து ஓடவிடாமல் விட்டு விட்டு நான்கைந்து முறை சுற்றினால் போதும். நீர்ப்பொருள் அடியில் இருந்தால்தான் பிளேடு சுழல இடம் கிடைத்து, மேலே இருப்பதைக் கீழே இழுக்கும். ஸ்ட்ராபெரியைக் காம்போடு கழுவிவிட்டுப் பிறகே காம்பைக் கிள்ள வேண்டும். காம்பு எடுத்த குழி வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் சுவை நீர்த்துவிடும். அரைத்ததை வடிகட்டவே கூடாது. நார்ச்சத்தை வடிகட்டியில் விட்டுவிட்டுச் சாற்றை மட்டும் குடிப்பதற்கு இவ்வளவு பாடு தேவையில்லை.

தயிர், கடலை, ஓட்ஸ் மூன்றிலுமாக எட்டு ஒன்பது கிராம் புரதம் சேர்ந்துவிடுகிறது. 100 கிராம் ஸ்ட்ராபெரியில் ஏறத்தாழ 60 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது. மகளுக்குப் பதினொன்றரை வரை பசிக்காமல் இருந்தால் அதுவே எனக்குப் போதிய சான்று.

பிப்ரவரி 13, வியாழன்

மூன்று நாட்களாகப் பேரீச்சம்பழத்துக்குப் பதில் பாதி வாழைப்பழம் போட்டு வந்தேன். நன்றாகக் கெட்டிப்படுகிறது, இனிப்பும் போதும். ஆனால் அரைத்து அரைமணி நேரம் வைத்தால் இளஞ்சிவப்பு மங்கிப் பழுப்பேறுகிறது. இதைப் பற்றிப் படித்ததில் எனக்குத் தெரியாத ஒரு செய்தி கிடைத்தது. வெட்டிய வாழைப்பழத்தைக் கறுக்கச் செய்கிற நொதி, பெர்ரிப் பழங்களில் இருக்கும், இதயத்துக்கு நல்லது எனப்படும் ஃபிளாவனால் என்னும் பொருட்களையும் சிதைத்துவிடுகிறது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், வாழைப்பழ ஸ்மூத்தி குடித்தவர்களின் உடலில் ஃபிளாவனால் அளவு, அதையே மாத்திரையாக எடுத்துக்கொண்டபோது இருந்ததைவிட 84 விழுக்காடு குறைவாக இருந்தது. பெர்ரி ஸ்மூத்தியில் அப்படி ஒரு இழப்பு இல்லை.

இதற்காக வாழைப்பழத்தை ஒதுக்க வேண்டியதில்லை. இரவு உணவுக்குப் பின் வழக்கம்போல ஆளுக்கொரு பூவன் பழம் சாப்பிடுவோம். பெர்ரிக்காகச் செய்கிற ஸ்மூத்தியில் மட்டும் அது வேண்டாம் என்று வைத்துக்கொண்டேன். தாவரவியல் கணக்கில் வாழைப்பழம் ஒரு பெர்ரி, ஸ்ட்ராபெரி பெர்ரியே அல்ல என்பதையும் இதே தேடலில்தான் அறிந்தேன்.

பிப்ரவரி 20, வியாழன்

மகள் நேற்று நேரமில்லை என்று ஸ்மூத்தியைப் பாட்டிலில் ஊற்றி எடுத்துப் போனாள். பத்தரை மணிக்குத் திறந்தபோது மூடி சத்தத்தோடு தெறித்ததாம். மேலே நுரை, கீழே தண்ணீர், புளித்த வாடை. அவள் அதைக் கொட்டிவிட்டாள், கொட்டியது சரிதான். தயிரில் இருக்கும் நுண்ணுயிரிகள் பழத்தின் சர்க்கரையைக் கண்டதும் சும்மா இருக்காது. பால் கலந்த எதையும் இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியே வைக்கக் கூடாது என்பது பொது விதி. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். தவறு என்னுடையது, பாட்டிலை நீட்டியதே நான்தான். இனி ஆறரை மணிக்கே டம்ளர் மேசைமேல் இருக்கும். குடித்துவிட்டுத்தான் செருப்பு மாட்ட வேண்டும்.

மார்ச் 2, ஞாயிறு

டம்ளரின் அளவைப் பற்றி ஒரு நாள் முழுவதும் யோசித்தேன். மகள் ருசி கண்டுவிட்டுப் பழத்தை இரட்டிப்பாக்கச் சொல்கிறாள். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், 2000 கலோரி உணவுக்கு ஒரு நாளைக்கு 100 கிராம் பழமும் 400 கிராம் காய்கறியும் சொல்லப்பட்டிருக்கின்றன. பழத்தைச் சாறாக்காமல் முழுதாக உண்பதையே அந்த வழிகாட்டி விரும்புகிறது. அரைத்த பழம் முழுப் பழத்துக்குச் சமமாகாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். மெல்லாமல் இறங்குவது விரைவாக இறங்குகிறது, அளவும் தெரிவதில்லை. பிரிட்டனின் பொதுச் சுகாதாரத் துறை பழச்சாறும் ஸ்மூத்தியும் சேர்த்து நாளுக்கு 150 மில்லிக்கு மேல் வேண்டாம் என்கிறது. எங்கள் டம்ளரில் பாதிக்குமேல் தயிராக இருப்பதால் எனக்குச் சற்று ஆறுதல். பழம் 100 கிராமுக்குமேல் போகாது என்று மகளிடம் உறுதியாகச் சொல்லிவிட்டேன். வேண்டுமானால் ஊறவைத்த சப்ஜா விதை ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம்; அது வயிற்றையும் நிறைக்கும்.

பருவம் முடியப்போவதால் இரண்டு கிலோ வாங்கி உறையவைத்தேன். கழுவித் துணியில் ஈரம் போக ஒற்றி, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி ஃப்ரீசரில் இறுகவிட்டு, பிறகு 100 கிராம் பொட்டலங்களாகக் கட்டினேன். உறைந்த பழத்தை எடுத்துப் பத்து நிமிடம் வெளியே வைத்துவிட்டு அரைத்தால் ஐஸ் கட்டியே தேவையில்லை, மிக்சியும் திணறுவதில்லை.

ஏப்ரல் 16, புதன்

கடைசிப் பொட்டலம் இன்று தீர்ந்தது. நாளையிலிருந்து கம்பங்கூழும் மோரும். மகள் முகத்தைச் சுளித்தாலும் குடிக்கிறாள்.

ஜூலை 6, ஞாயிறு

திருவொற்றியூர் நெடுஞ்சாலையின் ஓரத்தில் நாவல் பழத்தைக் கூறு கட்டி வைத்து ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். பிப்ரவரியில் நான் ப்ளூபெர்ரிப் பெட்டியின் விலையைக் கேட்டுத் திரும்பிய நாள் சட்டென்று நினைவுக்கு வந்தது. அதே ஊதா நிறம், அதே வகை நிறமி. தாவரவியலில் முறையான பெர்ரியும்கூட. சிறு வயதில் நாக்கு ஊதாவாகும்வரை தின்ற பழத்தை ஏன் இவ்வளவு நாள் கணக்கில் எடுக்கவில்லை என்று என்மேலேயே எனக்கு வருத்தம். அரைக் கிலோ வாங்கி வந்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

நாவலில் சிக்கலே கொட்டைதான். கொட்டை மிக்சியில் மாட்டினால் உடைந்து டம்ளர் முழுவதும் கசந்துவிடும். கத்தியால் கீறி எடுத்ததில் இருபது நிமிடம் போயிற்று. பிறகு பழத்தை ஒரு பாத்திரத்தில் போட்டு, சிறிது தயிர் விட்டு, கையால் பிசைந்து, பெரிய கண் சல்லடையில் தேய்த்தேன். ஐந்து நிமிடத்தில் சதை கீழே இறங்கியது, கொட்டை மேலே நின்றது. சதையின் நாரும் தோலின் பெரும்பகுதியும் இறங்கிவிடுவதால் மனக்குறை இல்லை.

நாவலின் துவர்ப்பு தொண்டையைப் பிடிக்கும் என்று பயந்தேன். தயிர் அதைத் தணித்துவிட்டது. துவர்ப்புக்குக் காரணமான டானின், நம் எச்சிலின் புரதத்தோடு சேர்வதற்குமுன் பாலின் புரதத்தோடு சேர்ந்துகொள்வதால் இப்படி நடக்கிறது. ஒரு சிட்டிகை உப்பு போட்டதும் இனிப்பு துலங்கியது. தள்ளுவண்டியில் நாவல் பழத்துக்கு உப்புத் தூவிக் கொடுப்பவர்களுக்கு இது எப்போதோ தெரிந்திருக்கிறது. மற்ற அளவுகள் ஸ்ட்ராபெரிக்குச் சொன்னவையே. பேரீச்சம்பழம் மட்டும் ஒன்று கூடுதல்.

ஜாரைப் பாத்திரச் சோப்பால் தேய்த்தபோது ஊதாக் கறை நீலப் பச்சையாக மாறியதைக் கண்டு முதலில் திகைத்தேன். எலுமிச்சை மூடியால் தேய்த்ததும் அது ரோஜா நிறமாயிற்று. காரத்தில் நீலமாகவும் புளிப்பில் சிவப்பாகவும் மாறுவது ஆந்தோசயனின் நிறமியின் குணம். மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். வண்டியைத் தவறவிடப் பார்த்தாள்.

ஜூலை 19, சனி

அத்தைக்குச் சர்க்கரை நோய் உண்டு. நாவல் பழம் சர்க்கரையை இறக்கிவிடும் என்று அக்கம்பக்கத்தில் சொல்லக் கேட்டு, காலை மாத்திரையை விட்டுவிட்டு இரண்டு டம்ளர் ஸ்மூத்தி குடித்திருக்கிறார். இதை அறிந்தபோது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. பிறகு அருகில் உட்கார்ந்து பேசினேன். நாவல் நல்ல பழம்தான், ஆனாலும் அதிலும் சர்க்கரை இருக்கிறது, பேரீச்சம்பழத்திலும் இருக்கிறது. மாத்திரையை நிறுத்துவதோ குறைப்பதோ மருத்துவர் சொல்ல வேண்டியது, பழக்கடையோ நானோ சொல்ல வேண்டியது அல்ல. இனி அத்தைக்குப் பேரீச்சம்பழம் போடாமல், 50 கிராம் நாவலும் மீதி தயிரும் வேர்க்கடலையுமாக அரை டம்ளர், அதுவும் மாத்திரைக்கும் இட்லிக்கும் பிறகு. இதையும் அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது கேட்டுக்கொள்ளப் போகிறேன்.

ஆகஸ்டு 10, ஞாயிறு

நெடுஞ்சாலை ஓரத்து அம்மாவிடம் இன்று ஒரு கூறுதான் இருந்தது. மழையில் பழங்கள் வெடித்து விழுவதால் இன்னும் ஓரிரு நாள்தான் வருமென்று சொன்னார். இருந்ததை வாங்கி வந்து பிசைந்து, சதையை ஐஸ் தட்டின் குழிகளில் ஊற்றி உறையவைத்தேன். எடை போட்டதில் ஒரு குழிக்கு ஏறத்தாழ 25 கிராம். மகளுக்கு நான்கு கட்டி, அத்தைக்கு இரண்டு. எண்ணிப் பார்த்தால் எட்டு நாளைக்குக் காணும். டப்பாவின்மேல் தேதியை எழுதி ஒட்டியிருக்கிறேன்.