‘தொடர்ந்து’ என்று நான் எழுதிய குறிப்பு

சென்னையில் ஒரு தமிழ் நாளிதழின் ஆவணப் பிரிவில் 1987 முதல் 2018 இறுதி வரை வேலை பார்த்தேன். அலுவலகத்தில் எங்கள் பிரிவை ‘ரெஃபரன்ஸ்’ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். காலையில் வந்து சேரும் நாளிதழ்களைப் படித்து, வேண்டிய செய்திகளைச் சிவப்புப் பென்சிலால் குறித்து, இரும்பு ஸ்கேலை வைத்துப் பிளேடால் வெட்டி, தாளில் ஒட்டி, தேதி முத்திரை குத்தி, உரிய கோப்பில் சேர்ப்பது வேலையின் ஒரு பாதி. மாலையில் செய்தி மேசையிலிருந்து தொலைபேசி வரும்போது, பக்கம் அச்சுக்குப் போவதற்குள் சரியான ஆண்டையும் சரியான பெயரையும் எடுத்துக் கொடுப்பது மறுபாதி. எழுதியவரின் பெயர் செய்தியில் வரும். எங்கள் பெயர் எங்கும் வராது. ஆனால் ஆண்டு தவறினால் கேள்வி எங்களிடம்தான் வரும். அது நியாயமும்கூட.

பெரும்பாலான அரசியல்வாதிகளுக்கு ஒரு கோப்பு போதும். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே தி.மு.க. தலைவர் மு. கருணாநிதியின் பெயரில் ஓர் இரும்பு அலமாரி முழுவதும் கோப்புகள் இருந்தன. சட்டமன்றம், தேர்தல், சிறை, அறிக்கைகள், கட்சிக் கடிதங்கள் என்று தனித்தனியாகப் பிரித்து, நாடா கட்டி அடுக்கியிருந்தார்கள். முதல் சில மாதங்களில் அவற்றை வரிசைப்படுத்தும் வேலை எனக்குக் கொடுக்கப்பட்டது. அப்போது ஒன்றைக் கவனித்தேன். அவர் முதலமைச்சராக இருந்த 1969 முதல் 1976 வரையிலான ஆண்டுகளின் கோப்புகள் மெலிந்திருந்தன. 1976 ஜனவரி 31 அன்று ஆட்சி கலைக்கப்பட்ட பிறகான கோப்புகளோ கட்டு அவிழும் அளவுக்குப் பருத்திருந்தன.

இதற்கு எங்கள் வேலை முறையே ஒரு காரணம் என்று பிரிவுத் தலைவர் விளக்கினார். ஆட்சியில் இருக்கும்போது ஒருவரைப் பற்றிய செய்தி பொதுப்பணி, கல்வி, வருவாய் என்று துறைக் கோப்புகளுக்குப் பிரிந்துபோய்விடும். பதவி போன பிறகு அவர் செய்வதும் சொல்வதும் மட்டுமே அவருடைய பெயரில் வந்து சேரும். “பதவி போனதும் முக்கால்வாசிப் பேரோட ஃபைல் நின்னுடும்மா. இவரோடது அப்பத்தான் வளர்ந்திருக்கு” என்றார். அந்தச் சொல்லின் முழுப் பொருள் விளங்க எனக்குப் பத்தாண்டுகள் ஆயின.

அந்தக் கட்டுகளில் நான் அடிக்கடி எடுத்துப் பார்த்தது அவருடைய கட்சி நாளேடான முரசொலியின் 1976 பிப்ரவரி 3 தேதியிட்ட ஒரு துண்டு. நெருக்கடி நிலை நடப்பில் இருந்த காலம். கட்சிக்காரர்கள் நூற்றுக்கணக்கில் கைதாகியிருந்தார்கள். யார் யார் கைதானார்கள் என்பதை அச்சிடத் தணிக்கை இடம் கொடுக்கவில்லை. அன்று அண்ணாவின் நினைவு நாள். அண்ணா நினைவிடத்துக்கு மலர் வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்ற பெயரில், மாவட்டவாரியாக ஒரு பட்டியலைக் கருணாநிதி வெளியிட்டார். யாரைக் காணவில்லை என்று தவித்துக்கொண்டிருந்த குடும்பங்கள் அதைப் படித்துப் புரிந்துகொண்டன. பழுப்பேறி, மடிப்பில் நைந்துபோயிருந்த அந்தத் தாளில் வெறும் பெயர்கள்தாம் இருந்தன. ஒரு முழக்கமோ உரிச்சொல்லோ இல்லை. ஆட்சியை இழந்து மூன்று நாள் ஆன ஒருவர், கையில் மிஞ்சியிருந்த ஒரே கருவியான பத்திரிகைப் பக்கத்தைக் கொண்டு செய்த வேலை அது. வெறும் பட்டியல் என்று எதையும் ஒதுக்கக் கூடாது என்பதை அந்தத் துண்டுதான் எனக்குக் கற்றுத் தந்தது.

ஆனால் 1996-இல் நானே ஒரு பட்டியலைத் தவறாக எழுதினேன்.

அந்த ஆண்டு மே 13 அன்று அவர் நான்காம் முறையாக முதலமைச்சர் பொறுப்பேற்றார். மறுநாள் இதழுக்கு வாழ்க்கைக் குறிப்பு தயாரிக்கும் பொறுப்பு என்னுடையது. 1924-இல் திருக்குவளையில் பிறப்பு, 1953-இல் கல்லக்குடிப் போராட்டம், 1957-இல் குளித்தலையில் முதல் வெற்றி என்று எழுதிக்கொண்டே வந்தவள், ‘1957 முதல் தொடர்ந்து சட்டமன்ற உறுப்பினராக இருந்துவருகிறார்’ என்று ஒரு வரி சேர்த்தேன். மேடைகளில் பலமுறை கேட்ட வாசகம் அது. கோப்பைத் திறந்து பார்க்கவேண்டும் என்றே தோன்றவில்லை. நான்கு நாள் கழித்து, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. நெருக்கமான கையெழுத்து, கோபம் சிறிதும் இல்லை. 1983-இல் அவர் சட்டமன்றத்திலிருந்து விலகியதையும், 1991-இல் விலகியதையும் குறிப்பிட்டு, ‘தொடர்ந்து’ என்ற சொல் அங்கே நிற்காது என்று எழுதியிருந்தார்.

பிரிவுத் தலைவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அட்டையை என் மேசையில் வைத்து, பைண்டு செய்த பழைய தொகுதிகளை எடுத்துப் பார்க்கச் சொன்னார். அன்று பிற்பகல் முழுவதும் பார்த்தேன். 1983 ஆகஸ்டில், இலங்கைத் தமிழர்கள் மீதான வன்முறையைக் கண்டித்து அவரும் க. அன்பழகனும் உறுப்பினர் பதவியை விட்டு விலகியிருந்தார்கள். 1984 சட்டமன்றத் தேர்தலில் அவர் போட்டியிடவில்லை. அப்போது சட்ட மேலவை உறுப்பினராக இருந்தார். 1986 நவம்பரில் மேலவையும் இல்லாமற் போனது. 1991-இல், ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு நடந்த தேர்தலில் அவருடைய கட்சி அநேகமாகத் துடைத்தெடுக்கப்பட்டது. துறைமுகம் தொகுதியில் 890 வாக்கு வித்தியாசத்தில் தப்பி வென்ற அவர், அந்த இடத்தையும் துறந்தார். பதின்மூன்று முறை போட்டியிட்டு ஒருமுறையும் தோற்காதவர் என்பது உண்மை. அந்த உண்மைக்குள்ளேயே இத்தனை இடைவெளிகள் இருந்ததை என் ஒரு சொல் மூடியிருந்தது.

திருத்தம் வெளியானது. நான் பழைய குறிப்பைக் கிழித்துப்போடாமல், ‘தொடர்ந்து’ என்பதைச் சிவப்பு மையால் அடித்து, கோப்பின் முதல் தாளாக வைத்தேன். அன்றிலிருந்து அவருடைய வாழ்க்கைக் குறிப்பை வேறு விதமாக எழுதத் தொடங்கினேன். வென்ற தொகுதிகளின் பக்கத்திலேயே விலகிய ஆண்டுகள், கட்சி தோற்ற ஆண்டுகள் எல்லாவற்றையும் வைத்தேன். பின்னாளில், 2016-க்குப் பிறகு, அந்தத் தாளைக் கூட்டிப் பார்த்தேன். அவர் தலைமையில் கட்சி சந்தித்த சட்டமன்றப் பொதுத்தேர்தல்கள் பதினொன்று. ஆட்சியைப் பிடித்தவை 1971, 1989, 1996, 2006 ஆகிய நான்கு மட்டுமே. 1969 முதல் 2018 வரை 49 ஆண்டுகள் கட்சித் தலைவராக இருந்தவர், முதலமைச்சர் நாற்காலியில் அமர்ந்தது ஏறக்குறைய 19 ஆண்டுகள். மீதி முப்பது ஆண்டுகள் நாற்காலி இல்லாத தலைமை. எதிர்க்கட்சி அறிக்கை, ‘உடன்பிறப்பே’ என்று தொடங்கும் கடிதம், மாவட்டக் கூட்டம், நீதிமன்றம், சிறை என்று அந்த முப்பது ஆண்டுகளும் தேதி முத்திரையோடு என் கைவழியாகவும் எனக்கு முன்னிருந்தவர்களின் கைவழியாகவும் கடந்திருந்தன. நீண்ட அரசியல் வாழ்க்கை என்றால் நீண்டகாலப் பதவி என்று எண்ணிவிடுகிறோம். என் அலமாரி காட்டியது வேறு.

நீண்ட காலம் பொதுவாழ்வில் இருப்பதன் கடுமையையும் அந்த அலமாரியே காட்டியது. ஐந்தாண்டு இருந்துவிட்டுப் போகிறவரிடம் யாரும் பழைய கணக்கைக் கேட்பதில்லை. இவருடைய பழைய சொற்களும் செயல்களும் விடாமல் அவரிடமே திரும்பிவந்தன. கச்சத்தீவுச் செய்தி வரும்போதெல்லாம் மேசையிலிருந்து 1974-ஆம் ஆண்டுக் கோப்பைக் கேட்பார்கள். ஜூனில் தீவை இலங்கைக்கு விட்டுக்கொடுத்த ஒப்பந்தம் கையெழுத்தானதும், ஆகஸ்டில் சட்டமன்றம் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியதும் அதில் இருக்கும். அவரைக் குற்றஞ்சாட்டுகிறவர்களும் காக்க முனைகிறவர்களும் ஒரே கோப்பைத்தான் எடுத்துப்போவார்கள். காவிரிக்கும் இதே நிலைதான். 1971-இல் தொடுத்த வழக்கைத் திரும்பப் பெற்றதும் அவருடைய ஆட்சி, 1990-இல் நடுவர் மன்றம் அமைந்தபோது இருந்ததும் அவருடைய ஆட்சி, 2007-இல் இறுதித் தீர்ப்பு வந்தபோது இருந்ததும் அவருடைய ஆட்சி. அவருடைய ஆட்சி மீதான ஊழல் புகார்களை விசாரித்த சர்க்காரியா ஆணையத்தின் கட்டும், 1971-இல் மதுவிலக்கைத் தளர்த்திய செய்தியும், இலங்கையில் போர்நிறுத்தம் கோரி 2009 ஏப்ரல் 27 அன்று மெரினாவில் காலையில் தொடங்கி நண்பகலோடு முடிந்த உண்ணாவிரதத்தின் படங்களும் அதே அலமாரியில்தான் இருந்தன. அந்த உண்ணாவிரதச் செய்தியை ஒட்டும்போது என் மனம் மிகவும் கனத்திருந்தது; 1983-ஆம் ஆண்டுத் தாள் அதற்கு இரண்டு தட்டு மேலே இருந்தது. ஆவணப் பிரிவில் இருப்பவர் எதையும் வெட்டாமல் விடக் கூடாது, எதையும் பெரிதாக்கி ஒட்டவும் கூடாது. இரண்டையும் ஒரே அளவு கவனத்தோடு செய்தேன் என்று நம்புகிறேன்.

சில செய்திகள் துண்டாக இருக்கும்போது சிறியவை. இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு அவருடைய ஆட்சியில் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம் அப்படிப்பட்டது. பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் மகனைப்போலப் பங்கு என்ற அந்தத் திருத்தம் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு எழுப்பிய கோரிக்கை அறுபது ஆண்டுகள் கழித்துச் சட்டமானது. அந்தத் தேதிக்கு முன்பே மணமான பெண்களுக்கு அது பொருந்தாது. எனக்கு 1988-இல் திருமணம். என் தங்கைக்கு 1991-இல். எங்கள் இருவருக்கும் நடுவே அந்தத் தேதி கோடு கிழித்தது. தங்கை பாகப் பத்திரத்தில் கையெழுத்திட்ட நாளில் நானும் உடனிருந்தேன். எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது. மத்தியச் சட்டமே 2005-இல் இந்தத் திசையில் திருத்தப்படும் வரை, எந்தத் தேதி என்று கேட்டுப் பெண்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்துக்கொண்டே இருந்தார்கள். தேதியைச் சொன்னதும் மறுமுனையில் ஒரு கணம் அமைதி வந்தால், அந்தப் பெண் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறார் என்று தெரிந்துவிடும். ஆட்சிக் காலங்களைப் பற்றி எத்தனையோ மதிப்பீடுகள் படித்திருக்கிறேன். அந்த அமைதியைப்போல எதுவும் எனக்கு உறைக்கவில்லை.

2018 ஜூலை 28 அதிகாலையில் கருணாநிதி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அதன் பிறகு பதினொரு நாள் அலுவலகத்தில் யாரும் சரியாக உறங்கவில்லை. சிறப்புப் பக்கங்கள் முன்கூட்டியே தயாராயின. அதைப் பற்றி யாரும் உரக்கப் பேசவில்லை. வாழ்க்கைக் குறிப்புத் தாளை ஒவ்வொரு வரியாகக் கோப்போடு ஒத்துப் பார்த்தேன். குளித்தலை, தஞ்சாவூர், சைதாப்பேட்டை இருமுறை, அண்ணாநகர் இருமுறை, துறைமுகம் இருமுறை, சேப்பாக்கம் மூன்று முறை, திருவாரூர் இருமுறை. விரல்விட்டு எண்ணினால் பதின்மூன்று சரியாக வந்தது. ஆகஸ்ட் 7 மாலை 6.10 மணிக்கு அவர் காலமானார் என்ற அறிவிப்பு வந்ததும், மேசையில் ஒருவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். பிறகு ஒவ்வொருவராக எழுந்தோம். ஒரு நிமிடம்கூட இருக்காது. உடனே எல்லோரும் வேலைக்குத் திரும்பினோம்.

இரவு ஒன்பது மணியளவில் பக்கம் வடிவமைக்கும் இளைஞர் என்னிடம் வந்தார். வாழ்க்கைக் குறிப்பு இரண்டு வரி மிஞ்சுகிறது என்றார்.

“மேடம், இந்த 1983 ராஜினாமா, 1991 ராஜினாமா ரெண்டையும் எடுத்துட்டா கரெக்டா உட்கார்ந்துடும்.”

எடுக்க வேண்டாம் என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். வேறு எதை எடுப்பது என்று கேட்டார். தாளின் அடியில், அவருக்கு வழங்கப்பட்ட பட்டங்களும் அடைமொழிகளும் இரண்டு வரி நிறைய இருந்தன. அவற்றைச் சுட்டிக்காட்டினேன்.