டெல்டாவில் நகரமைப்பாளராக: பாடமும் வேலையும்

கல்லூரியில் மாணவர்களுக்கு நகரமைப்புப் பாடம் நடத்திக்கொண்டே கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் மனைப்பிரிவு (நிலத்தை வீட்டுமனைகளாகப் பிரிப்பது) வரைபட வேலையும் செய்கிறேன். இரண்டையும் எப்படிச் சேர்த்துச் செய்வது என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன்.

படிப்பு நேரான பாதைதான். பி.ஆர்க். அல்லது சிவில் முடித்தவர்கள் எம்.பிளான். என்ற இரண்டு வருட நகரமைப்பு முதுநிலைப் படிப்பில் சேரலாம், சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ஆனால் தொழில் கைவர நாளாகும். எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவை வாய்க்கால்கள்.

டெல்டா தட்டையான பூமி. மேல் வயலுக்கு வடிகாலாக இருக்கும் வாய்க்காலே கீழ் வயலுக்குப் பாசனமாகவும் இருக்கும். மனை போடுகிறோம் என்று நடுவில் மண்ணடித்துத் தூர்த்தால் மேலே பயிர் அழுகும், கடைமடை காயும். கிராம வரைபடத்தில் அது ஒரு கோடு மட்டுமே. புலப்படத்தை (ஒவ்வொரு புல எண்ணுக்கும் உள்ள அளவு வரைபடம்) கையில் வைத்துக்கொண்டு நடந்து, தண்ணி கட்டுகிறவரிடம் கேட்டால்தான் எது எங்கே பாய்கிறது என்று புரியும்.

ஆகவே வகுப்பைத் தண்ணீரின் போக்குக்கு ஏற்ப அமைத்தேன். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவார்கள். அதன்பின் வாய்க்காலின் தரை தெரியும்; மட்டம் எடுக்க அதுவே சமயம். ஐப்பசி மழையில் அதே இடத்துக்கு மாணவர்களை மறுபடி கூட்டிப்போவேன். எங்கே தண்ணீர் நிற்கிறது என்று அவர்களே குறிப்பார்கள். அந்த வரைபடங்களை ஊராட்சிக்குக் கொடுத்துவிடுவோம். என் கட்டண வேலைக்கு நானே தனியாக அளவெடுப்பேன். மாணவர் உழைப்பை அதில் சேர்ப்பதே இல்லை. கற்பிக்கிறவர் தொழிலும் செய்தால் இந்தக் கோட்டைத் தாண்டவே கூடாது.

தொழிலில் கற்றதும் வகுப்புக்கு வருகிறது. 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட வேண்டும். விற்காத மூலையைத்தான் பலரும் அதற்கு ஒதுக்குவார்கள். நான் வாய்க்கால் கரையை ஒட்டி வைக்கச் சொல்வேன். கும்பகோணத்துக்கு வெளியே ஒரு நில உரிமையாளர் வாய்க்காலைக் குழாய்க்குள் அடைத்துவிடலாம் என்றார். மழைக்காலத்தில் அவரை அங்கேயே நிற்க வைத்துப் பேசினேன். கடைசியில் கரையோரம் பூங்காவும் அதை அடுத்துச் சாலையும் வந்தன. மனைகள் கொஞ்சம் குறைந்தன. அந்த வரைபடத்தின் பழைய வடிவம், புதிய வடிவம் இரண்டையும் இப்போது வகுப்பில் விரித்து வைக்கிறேன்.

"கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி" என்பார்கள் திருவாரூரை. வேலி என்பது பழைய நில அளவு. ஓடைக்கும் கோயிலுக்குச் சமமாக இடம் கொடுத்த ஊர் அது. அந்தக் குளமான கமலாலயத்தின் கரையில் நின்று அந்த அளவைக் கண்ணால் பார்த்த பிறகுதான் முதலாண்டு மாணவர்களைப் பென்சில் எடுக்கச் சொல்வேன்.